கயிறு யார் கையில்?

முத்துக்குளித்துறையில் ஒரு வழக்கு உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடித்துக்கொள்ளும் ஆள் அவனுடைய மைத்துனனாக இருக்க வேண்டும் என்பார்கள். மனைவியின் உடன்பிறந்தவன். காரணத்தையும் சேர்த்தே சொல்வார்கள். அண்ணன் தம்பி என்றால் சொத்துப் பகை இருக்கலாம். கூட்டாளி என்றால் முத்தின் மேல் ஆசை வரலாம். மைத்துனனுக்கு அப்படி மனசு கோணாது. கயிறு நழுவினால் தாலி அறுவது அவன் தங்கச்சிக்குத்தானே.

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. முத்துச் சிப்பியும் போய், அந்தத் தலைமுறையும் போய், வழக்கு மட்டும் வாயில் மிச்சமிருக்கிறது. சிறுவயதில் முதலில் கேட்டபோது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று தோன்றியது. ஓர் உயிரைக் காக்கும் வேலையை, அந்த உயிர் போனால் தானும் இழக்கக்கூடிய ஒருவரிடம் கொடுப்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத நுட்பம். நம்பிக்கையை நல்ல குணத்தின் மேல் வைக்காமல் இழப்பின் மேல் வைத்திருக்கிறார்கள்.

பல வருடம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. அந்தப் படகில் தங்கச்சி இல்லை. கயிறு இறுகப் பிடிக்கப்படுவதற்கு அவள்தான் காரணம். ஆனால் கயிறு அவள் கையில் இல்லை. அவள் கரையில் நிற்கிறாள். எப்போது இறங்கினான், எத்தனை பாகம் ஆழம், எப்போது ஏறுவான் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. அவள் விதவையாகும் பயம் ஓர் ஆணை எச்சரிக்கையாக வைத்திருக்கிறது. அவ்வளவுதான் அவள் பங்கு.

ஒரு முடிவுக்கு ஒருவரைக் காரணமாகக் காட்டுவதும், அந்த முடிவில் அவருக்கு இடம் கொடுப்பதும் ஒன்றுதானா? இந்தக் கட்டுரை கேட்க நினைப்பது இதைத்தான். கேட்பதற்கு நான் கடலை விட்டு ஆற்றின் வழியே மேலே போக வேண்டும்.

*

அந்தச் சிப்பிக் கடலில் வந்து சேர்கிற ஆறு தாமிரபரணி. பொதிகை மலையில் பிறந்து, திருநெல்வேலியைக் கடந்து, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. முத்துக்குப் பேர்போன கொற்கை ஒருகாலத்தில் இதன் முகத்துவாரத் துறைமுகம். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கரை நகர்ந்து, கொற்கை இன்று கடலில் இருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயலுக்கு நடுவே இருக்கிறது. அதன்பின் எழுந்த பழையகாயலுக்கும் அதே கதி. மார்க்கோ போலோ வந்துபோனதாகச் சொல்லும் காயல் அதுதான். இந்தக் கரையின் துறைமுகங்களை உண்டாக்கியதும் ஒதுக்கியதும் இந்த ஆறே.

இன்று அந்த ஆற்றின் கயிறு மலையில் இருக்கிறது. 1944இல் மின்சாரம் தரத் தொடங்கிய பாபநாசம் அணை, 143 அடி. காமராஜர் காலத்தில் 1958இல் முடிந்த மணிமுத்தாறு அணை, 118 அடி. இவை இரண்டும் தலைக்குச் சுமார் 5,500 மில்லியன் கன அடி கொள்ளும். 1986இல் வந்த சேர்வலாறு இவற்றைவிடச் சிறியது. இவற்றுக்குக் கீழே ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர் வரை ஏழு பழையவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. ஸ்ரீவைகுண்டத்தின் வடகாலும் தென்காலும் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. எங்கள் ஊர்ப்பக்கம் அந்தத் தொடரின் கடைசிக் கண்ணி. கடைமடை.

கடைமடைக்காரர்களுக்கு அணை என்பது கண்ணால் பார்த்த பொருள் இல்லை. செய்தித்தாளில் தினமும் வரும் ஓர் எண். 'பாபநாசம் நூத்திப்பத்து, மணிமுத்தாறு எண்பத்தெட்டு' என்று டீக்கடையில் ஒருவர் வாசிப்பார். அதைக் கேட்டு நாற்று விடலாமா, வாழை வைக்கலாமா என்று ஆண்கள் பேசிக்கொள்வார்கள். நடவுக்குப் போகும் என் அம்மாவுக்கு அந்த எண் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்தது, அந்த எண்ணைப் பொறுத்து அந்த வருடம் தனக்கு நாற்பது நாள் வேலை இருக்குமா, பத்து நாளா என்பது.

*

ஓர் அணை பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு ஆகிய மூன்றுக்கும் என்று சொல்லும்போது, ஒரே பாத்திரத்தை நம்பி மூன்று பேருக்கு வாக்குக் கொடுக்கிறோம். மூவர் கேட்பதும் ஒன்றல்ல.

பாசனம் அணை நிறைந்திருக்கக் கேட்கிறது. ஐப்பசி மழைக்கு நட்ட பிசானம் மாசி வரை தண்ணீர் கேட்கும். இடையில் மழை பொய்த்தால் அணைதான் கதி. மின்சாரம் தண்ணீரின் உயரம் குறையக்கூடாது என்கிறது; வயலுக்கு வேண்டுமோ வேண்டாமோ, மின்தேவை கூடும் நேரத்தில் திறக்கவும் சொல்கிறது. வெள்ளத் தடுப்போ அணையில் இடம் காலியாக இருக்கக் கேட்கிறது. நிறைகுடம் ததும்பாது என்பது பழமொழிக்குச் சரி. அணைக்கு அது பொருந்தாது. நிறைந்த அணை அடுத்த மழையை அப்படியே கீழே தள்ளிவிடும். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமென்றால் வெள்ளத்துக்கு முன்பே வெற்றிடம் வைத்திருக்க வேண்டும்.

வெற்றிடம் வைப்பது கடினம். கார்த்திகை மாதம் பத்தடி காலியாக வைத்திருக்கும் பொறியாளரை, அதன்பின் மழை பெய்யாமல் போனால் தையில் எல்லாரும் திட்டுவார்கள். நிறைத்து வைத்து வெள்ளம் வந்தால் மார்கழியில் திட்டுவார்கள். 2018இல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது அணைகளை முன்பே படிப்படியாகத் திறந்திருக்க வேண்டாமா என்று நாடு முழுக்க நடந்த வாதமும் இதுவே. இதில் யாரையும் வில்லனாக்க நான் விரும்பவில்லை. எந்த மாதத்தில் எத்தனை அடி வரை தேக்கலாம் என்ற விதியைக் கணக்குப் போட்டு எழுதலாம். ஆனால் எந்த ஆபத்தை யார் தலையில் ஏற்றலாம் என்பது கணக்கு மட்டும் அல்ல, அறத் தேர்வு. பத்தடி வெற்றிடம் என்றால் தையில் ஒருவருக்குப் பயிர் வாடும். வெற்றிடம் இல்லை என்றால் மார்கழியில் இன்னொருவருக்கு வீடு போகும். அந்தத் தராசைப் பிடிப்பவரிடம், இரண்டு தட்டிலும் யார் இருக்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

1992 நவம்பர் வெள்ளத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். மலையில் கொட்டிய மழையும் நிறைந்த அணைகளின் தண்ணீரும் சேர்ந்து ஆற்றில் இறங்கிய வெள்ளம் அது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது வேறு. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஓராண்டில் பெய்கிற மழையைவிட அதிகம் ஒரே நாளில். அதுவும் அணைக்குக் கீழே, சமவெளியில். மலையில் இருந்தும் தண்ணீர் வந்தது. ஆனால் அணைக்குக் கீழே பெய்யும் மழையை எந்த அணையாலும் பிடித்து வைக்க முடியாது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரத்துக்குள் தண்ணீர் போனது. ஏரல் நாட்கணக்கில் தீவாகக் கிடந்தது.

அணை தோற்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'வெள்ளத் தடுப்பு' என்ற சொல் எத்தனையோ வருடமாகக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுத்த நம்பிக்கையின் எல்லை எதுவென்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. எல்லை சொல்லாத வாக்கு பாதி வாக்கு. அதை நம்பி ஆற்றோரம் வீடு கட்டியவர்கள் ஏமாளிகள் அல்ல. மேலே மைத்துனன் இருக்கிறான் என்று நம்பி இறங்கியவர்கள்.

*

இனி தங்கச்சியிடம் வருகிறேன்.

தண்ணீரைப் பற்றிய எந்த மேடைப் பேச்சும் பெண்ணிடம் இருந்துதான் தொடங்கும். 'குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் தாய்மார்கள் மைல் கணக்காக நடக்கிறார்கள்' என்பார்கள். குழாய்த் திட்டம், தடுப்பணை, நதிநீர் இணைப்பு என்று எதற்கு அடிக்கல் நாட்டினாலும் பின்னால் உள்ள பதாகையில் குடத்தோடு ஒரு பெண் இருப்பாள். நியாயந்தான். உப்புத்தண்ணீர் ஊறும் இந்தக் கரையில் நல்லதண்ணீருக்கு அலைவது பெண்கள்தான். ஆனால் பதாகையில் இருந்து இறங்கி, எங்கே முடிவெடுக்கிறார்களோ அந்த அறைக்குள் போய்ப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் பாசன முறைகளை உழவர்களே பங்கேற்று மேலாண்மை செய்ய 2000ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் என்று ஊருக்கு ஊர் பலகை மாட்டினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உறுப்பினராக நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். இந்தியா முழுவதும் வேளாண் நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் உள்ளவை சுமார் 14 விழுக்காடு என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989லேயே வந்துவிட்டது. இருந்தும் கல்யாணச் செலவைச் சொல்லி, சீரைச் சொல்லி, 'அண்ணன்கிட்ட போய்க் கேக்கவா' என்ற ஒற்றை வாக்கியத்தைச் சொல்லி, பட்டா பெரும்பாலும் ஆண் பெயரிலேயே நிற்கிறது. சட்டத்தில் பெண் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. பட்டா வேண்டும் என்று எழுதியதே போதுமாக இருக்கிறது.

நாற்றுப் பறிப்பது, நடுவது, களையெடுப்பது எல்லாம் பெண்கள் வேலை. தண்ணீர் இரண்டு நாள் தாமதமானால் நாற்று முற்றிப்போவதை விரலால் உணர்பவர்கள் அவர்கள். எத்தனை அடி தண்ணீரில் கால் புதைகிறது, எந்த வயலில் உப்பு பூக்கிறது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். யாரும் கேட்பதில்லை. அம்மாவிடம் ஒருமுறை, "நீயும் விவசாயிதானம்மா?" என்றேன். சிரித்துவிட்டு, "போட்டி, நான் நடவுக்குப் போறவ. விவசாயின்னா வயல்காரவ" என்றார். சட்டம் சொன்னதையே அம்மாவும் சொன்னார். அறுபது வயது வரை சேற்றில் நின்றவர், தன்னை அந்தச் சொல்லுக்கு வெளியே வைத்துக்கொண்டார்.

பொருளியலாளர் பீனா அகர்வால் தெற்காசியப் பெண்களின் நில உரிமை பற்றி விரிவாக எழுதியவர். இந்தியாவிலும் நேபாளத்திலும் ஊர்க்காடுகளைக் காக்கும் குழுக்களை ஆராய்ந்தபோது, எல்லாருக்கும் பொது என்று தொடங்கிய அமைப்புகளே பெண்களை எப்படி வெளியே நிறுத்துகின்றன என்று காட்டினார். விதியில் தடை இருப்பதில்லை. கூட்டம் நடக்கும் நேரம், நடக்கும் இடம், அங்கே பேசினால் வரும் ஏளனம் ஆகியவையே தடையாகின்றன. எங்கள் ஊரில் கூட்டம் கோயில் வாசலில் இரவு எட்டு மணிக்கு. அந்த நேரத்தில் பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை.

உலக அளவிலும் கதை இதுதான். உலக அணைகள் ஆணையம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, அணைகளால் 4 கோடி முதல் 8 கோடிப் பேர் வரை இடம்பெயர்ந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. சமூகச் செலவில் அதிகப் பங்கைப் பெண்கள் சுமப்பதும், பலனில் குறைந்த பங்கு அவர்களுக்கு வருவதும் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது என்றும் சொன்னது. பக்ரா நங்கல் கட்டிய 1950களில் அணைகளைப் புதிய இந்தியாவின் கோயில்களாகப் பார்த்த நேருவே, 1958இல் பொறியாளர்கள் கூட்டத்தில் பெரிது பெரிதாகக் கட்டும் மோகத்தை ஒரு நோய் என்று எச்சரித்தார். மணிமுத்தாறு அணை முடிந்ததும் அதே 1958இல்தான். கோயில் என்ற உவமை மட்டும் நம் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது. கோயில் என்றால் கருவறைக்குள் யார் போகலாம், யார் வாசலில் நிற்க வேண்டும் என்ற கேள்வியும் கூடவே வரும் அல்லவா?

*

'ஆற்று நீர் வீணாகக் கடலில் கலக்கிறது' என்ற வாக்கியம் ஒவ்வொரு மழைக்காலமும் செய்தியில் வரும். வீண் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம்.

புன்னைக்காயலில் ஆறு கடலைச் சேரும் இடத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அந்தத் தண்ணீரில்தான் இறாலும் பல மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. அந்த மீனை வாங்கிக் கூடையில் தூக்கி ஊருக்குள் விற்பது பெண்கள் தொழில். ஆற்றில் நீர் குறைந்தால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். கரையோரக் கிணறு கரிக்கும். கரித்த கிணற்றைக் கடந்து இன்னும் தூரம் நடப்பது பெண். ஆக, கடலில் கலக்கும் நீர் ஒரு வேலையைச் செய்துகொண்டே இருந்தது. அந்த வேலைக்குக் கூலி இல்லை, ரசீது இல்லை, டி.எம்.சி. கணக்கில் வரி இல்லை. அதனால் அது வீண் ஆனது. வீட்டில் நாள் முழுக்க வேலை செய்யும் பெண்ணை 'சும்மாதான் இருக்கா' என்று சொல்லும் அதே நாக்கு சொல்லும் சொல் இது. அணையில் வெள்ளத்துக்காக விட்டுவைக்கும் வெற்றிடத்தையும் அந்த நாக்கு வீண் என்றுதான் சொல்லும்.

எது வீண் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் இருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு திட்டம் உண்டு. நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன். ஏறத்தாழ 9 கோடி லிட்டர். துறைமுகமும் அனல் மின்நிலையமும் ஆலைகளும் வளர்ந்த நகரத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கேதான் வேலை. ஆனால் பயிரும் குடிநீரும் தவித்த ஆண்டுகளிலும் அந்தக் குழாய்க்குத் தண்ணீர் போனது என்பதுதான் உழவர்களின் புகார். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் முன்னுரிமை என்ற அடிப்படையில், 2018இல் தீர்ப்பாயம் ஆலைகளுக்குத் தண்ணீர் தருவதைத் தடுத்தது. முன்னுரிமை வரிசையில் குடிநீர்தான் முதலிடம் என்று தேசிய நீர்க் கொள்கை 2002லேயே சொல்லியிருந்தது. காகிதத்தில் இருந்த வரிசையைத் தண்ணீருக்குள் கொண்டுவர ஒரு வழக்கு தேவைப்பட்டது. மதகைத் திறந்தவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. ஆலையின் தேவை தொலைபேசியில் மேலே போகிறது. குடத்தின் தேவை மேலே போக வழியில்லை.

*

ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. ஒரு கயிற்றைப் பத்துப் பேர் பிடித்தால் குளிப்பவன் மூழ்கிப்போவான். அணையின் ஷட்டரை எப்போது ஏற்றுவது என்பது படித்த பொறியாளரின் வேலை. நள்ளிரவில் நீர் ஏறும்போது கூட்டம் போட்டு வாக்கெடுக்க முடியாது. உண்மை. நானும் அப்போது ஒரு பொறியாளர் விழித்திருக்க வேண்டும் என்றே விரும்புவேன்.

பழைய ஏற்பாடு மேலானது என்றும் சொல்ல மாட்டேன். தென்மாவட்டக் குளங்களில் மடையைத் திறந்து அடைக்க மடைக்குடும்பர்கள் இருந்தார்கள். பெருவெள்ளத்தில் குளத்துக்குள் மூழ்கி மடையைத் திறந்து உயிரைவிட்டவர்களின் கதைகள் பல ஊர்களில் உண்டு. மடை அவர்கள் கையில் இருந்தது. ஆனால் நிலம் இல்லை, கூலி நெல் மட்டும். சாதியின் கீழ்ப்படியில் வைக்கப்பட்டிருந்த அவர்களுக்கு உத்தரவிடும் இடமும் இல்லை. தங்கச்சிக்குக் காரணம் இருந்து கை இல்லை. மடைக்குடும்பருக்குக் கை இருந்து சொல் இல்லை. அதனால் பெண் ஒருத்தியை நாற்காலியில் உட்கார வைப்பதோ, ஏழை ஒருவரிடம் மதகுச் சாவியைக் கொடுப்பதோ மட்டும் என் கேள்விக்குப் பதிலாகாது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் வந்துவிட்டது. ஆனால் எந்த ஊராட்சித் தலைவியிடமும் அணையின் அளவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பதில் அந்தக் கயிற்றிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். முத்துக்குளிப்பில் கயிறு ஆளைத் தூக்க மட்டும் இல்லை. மூச்சு முட்டும்போது கீழே இருப்பவன் கயிற்றை அசைப்பான்; மேலே இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். அதாவது கயிற்றின் வழியே கீழிருந்து மேலே ஒரு சொல் போகிறது. எப்போது தூக்க வேண்டும் என்று முடிவு செய்வது மேலே இருக்கும் நிபுணன் அல்ல, கீழே மூச்சடக்கி இருப்பவன். நிபுணனின் திறமை அந்த அசைவைத் தவறாமல் உணர்வதில் இருக்கிறது. நம் அணைகளில் சொல் மேலிருந்து கீழே மட்டும்தான் வருகிறது. 'கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.' கீழிருந்து மேலே போகும் அசைவுக்கு வழியே வைக்கவில்லை.

1982இல் கரோல் கில்லிகன் எழுதியபோது, அறம் என்பது உரிமைகளை நிறுத்துப் பார்ப்பது மட்டும் அல்ல, உறவில் இருப்பவரின் குரலுக்குச் செவிகொடுப்பதும் அறமே என்று வாதிட்டார். பெண்களுக்கு இயல்பிலேயே கருணை அதிகம் என்று அதைச் சுருக்கிவிடும் ஆபத்து உண்டு. எனக்கு அது வேண்டாம். அக்கறை பெண்ணின் குணம் அல்ல, ஓர் ஏற்பாட்டின் தரம். மைத்துனனும் ஆண்தான். அவனை அக்கறையாக்கியது அவன் கையில் இருந்த கயிறு.

அப்படியானால் ஷட்டர் ஏறும் இரவுக்கு முன்பே, கோடையில், அந்த விதி எழுதப்படும் அறையில் கடைமடை இருக்க வேண்டும். எந்த மாதம் எத்தனை அடி வெற்றிடம், தட்டுப்பாட்டில் யாருக்கு முதலில், கடலுக்கு எவ்வளவு என்று பேசும்போது பட்டா இல்லாத நடவுக்காரியும் மீன்காரியும், மழை வந்தால் வேலையிழக்கும் உப்பளத்துப் பெண்ணும் அங்கே இருக்க வேண்டும். அந்த விதி தமிழில் ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். 'இவ்வளவு மழைக்கு மேல் அணையால் காக்க முடியாது' என்ற எல்லையும் அதில் இருக்க வேண்டும். வெள்ளம் வடிந்தபின் என்ன தவறியது என்று கீழே இருந்தவர்களைக் கேட்டு எழுதி, அடுத்த ஆண்டு விதியைத் திருத்த வேண்டும். இதெல்லாம் சேர்ந்தால்தான் கயிறு அசையும். பாதகம் வரும் என்று தெரிந்த ஒருவரைக் கேட்காமல் எடுத்த முடிவு, நல்லதாகவே முடிந்தாலும், அதில் அநீதி இருக்கிறது. கேட்டு எடுத்த முடிவு சில நேரம் தவறிப்போகலாம். அப்போது தவறு எல்லாருடையதும் ஆகிறது. திருத்தவும் எல்லாரும் வருவார்கள்.

*

2023 வெள்ளத்தின்போது ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலைப் பற்றித் தமிழ்நாடே பேசியது. பேச வேண்டியதுதான், நூற்றுக்கணக்கானோர் அதில் சிக்கியிருந்தார்கள். எங்கள் தெருவைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்கு நாள் கழித்துத்தான் என்னால் வீட்டுக்குப் போக முடிந்தது. சுவரில் என் தோளுக்கு மேலே சேற்றுக்கோடு. அம்மா முற்றத்தில் உட்கார்ந்து பாத்திரத்தைச் சேறு போகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மா, தண்ணி உள்ள வந்ததும் மொதல்ல எதத் தூக்குன?"

"கேஸ் அடுப்பத்தாம்ட்டி. தண்ணி வடிஞ்ச ஒடனே எல்லாரும் சோறு எங்கன்னுதான கேப்பாவ."

ரேஷன் அட்டைக்கு ஆறாயிரம் ரூபாய் நிவாரணம் பிறகு வந்தது. சேதக் கணக்கில் வீடு இருந்தது, மாடு இருந்தது, பட்டா உள்ள பயிர் இருந்தது. சேறு அள்ளிய நாட்களுக்குக் கட்டம் இல்லை. அம்மா அதைக் கேட்கவும் இல்லை. ஆனால் அன்று பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு ராத்திரி அங்க மேல ஒக்காந்திருக்கவனுக்கு, இங்க நாங்க இருக்கோம்னு தெரியுமாட்டி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி கீழிருந்து வந்த ஓர் அசைவு. அது மேலே போய்ச்சேர ஒரு கயிறு வேண்டும்.